பதினஞ்சு சாரும் திங்கட்கிழமை தத்துவமும்

தென்சென்னையில் இன்று கம்ப்யூட்டர் முன்னால் முதுகு வளைத்துக்கொண்டிருக்கும் இளைஞர்களில் யாராவது, தப்பித்தவறி, 'உண்மை என்றால் என்ன?' என்று மூன்று நிமிடம் யோசித்திருந்தால், அந்தக் குற்றத்துக்கு முழுப்பொறுப்பு பதினஞ்சு சார்தான். பேராசிரியர்களுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. நானே எட்டு வருஷம் அந்த வேலையில் இருந்தவள் என்பதால் அடித்துச் சொல்கிறேன்.

பதினஞ்சு சார் வாத்தியார் கிடையாது. திருவான்மியூரைத் தாண்டிக் கடலோரமாக இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், பொதுக்கல்விப் பிரிவு ஆபீஸின் ஒற்றை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கிளார்க். அரைக்கை வெள்ளைச் சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை, சட்டைப் பையில் மூன்று பேனா. மூன்றும் எழுதாது. எழுத வேண்டியிருந்தால் எதிரே நிற்பவரிடம் வாங்கிக்கொள்வார்.

பொறியியல் படிக்க வரும் பிள்ளைகளை முழு மனிதர்களாக்கித்தான் வெளியே அனுப்புவது என்று எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு நாள் தோன்றிவிட்டது. நான்கு வருஷத்தில் நான்கு மனிதவியல் பாடம் எடுத்தால் முழு மனிதன். மூன்று எடுத்தால் முக்கால் மனிதன், பட்டம் கிடையாது. வரலாறு, நாடகம், மொழியியல், சினிமா ரசனை, தத்துவ அறிமுகம் என்று ஒரு மெனு கார்டு அச்சடித்தார்கள். அட்டையில் ஒரு பெண் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கடலைப் பார்த்துச் சிரிப்பாள். எங்கள் வளாகத்தில் அப்படிச் சிரித்த யாரையும் நான் பார்த்ததில்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு விதிதான் முக்கியம். பருவம் தொடங்கிய முதல் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எந்த வகுப்பில் பதினைந்து பேர் சேரவில்லையோ, அந்த வகுப்பு ரத்து. வகுப்பு ரத்தானால் அதை எடுக்கும் ஒப்பந்த ஆசிரியரும் ரத்து. நான் ஒப்பந்த ஆசிரியை. என் பாடம் தத்துவ அறிமுகம். எனக்கு ஒதுக்கியிருந்த நேரம் திங்கட்கிழமை காலை எட்டு மணி. மேற்கு மாம்பலத்தில் நானும் அம்மாவும் இருந்த இரண்டு அறை வீடு என் சம்பளத்தில்தான் நடந்தது. இவற்றைச் சேர்த்துப் படித்தால், வருஷத்துக்கு இரண்டு வெள்ளிக்கிழமை எனக்கு ஏன் சோறு இறங்காது என்று புரியும்.

வேலையில் சேர்ந்த அன்று அந்த ஜன்னலில் போய் நின்றேன்.

"இன்னா மேடம், புச்சா? இன்னா சப்ஜெக்ட்டு?"

"தத்துவம், சார்."

"எத்தினி மணிக்கு?"

"திங்கட்கிழமை எட்டு மணிக்கு."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"பதினஞ்சு வோணும் மேடம். இப்ப எத்தினி கீது?"

"நாலு."

"அதுல ரெண்டு பேரு தப்பா அமுக்கிட்டானுங்க. நாளைக்கு வந்து அழுவானுங்க. ரெண்டுன்னே வச்சிக்க."

அன்று முழுக்க அந்த வராந்தாவில் நான் கேட்டது ஒரே ஒரு எண்தான். "பதினஞ்சு வோணும்", "பதினஞ்சு ஆயிச்சா?", "பதினஞ்சுக்கு இன்னும் மூணு!" பிள்ளைகள் ஏன் அவருக்கு அந்தப் பெயர் வைத்தார்கள் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெயருக்கு ஆன்லைன் பதிவு உண்டு. பருவத்தின் முதல் நாள் காலை பத்து மணிக்கு அது திறக்கும், பத்து மணி ஒரு நிமிடத்துக்குப் படுத்துவிடும். பிறகு மொத்தக் கூட்டமும் ஜன்னலுக்கு வரும். பதினஞ்சு சாரின் அம்மா பட்டினப்பாக்கத்தில் கூடை வைத்து மீன் விற்றவர். மகன் கவர்ன்மென்ட் ஆபீஸ் மாதிரி ஒரு இடத்தில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டுப் படிக்க வைத்தார். மகனும் உட்கார்ந்தார். உட்கார்ந்து, கூடையில் இருந்த மீனுக்குப் பதிலாக மனிதவியலை விற்றார்.

"சார், சினிமா ரசனை குடுங்க சார்."

"சினிமா விடிகாலைலயே வித்துப் போச்சு நைனா."

"வெப்சைட் படுக்குறதுக்கு முன்னாடி பத்து சீட்டு காட்டுச்சு சார்."

"வெப்சைட்டு ஆயிரம் காட்டும். தத்துவம் எடுத்துக்க. ஃப்ரெஷ்ஷா கீது."

"தத்துவம்னா என்ன சார்?"

"உங்கப்பன் திட்டும்போது மனசுக்குள்ள ஒன்னு நெனச்சுக்கிற இல்ல? அதான். அத்த இங்கிலீஷ்ல எழுதுனா மார்க்கு."

நான் மூன்று வருஷம் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது கண்ணில் பட்ட எந்த விளக்கமும் இதைவிடச் சுருக்கமாக இருந்ததில்லை.

சில பேருக்கு முகத்தைப் பார்த்தே மருந்து எழுதுவார். ஒரு பையனிடம், "நீ வரலாறு எடுக்காத. உன் பொறந்த நாளையே ஃபோனைப் பாத்து எழுதுன" என்று திருப்பி அனுப்பினார். எப்போதும் மூன்று தோழிகளோடு வரும் ஒரு பெண்ணிடம், "நாலு பேரும் ஒரே கிளாஸ் வோணுமா? நாலு பேருக்கு எடம் கீறது தத்துவத்துல மட்டும்தான்" என்றார். சினிமாதான் வேண்டும் என்று தரையில் உட்கார்ந்துவிட்டவனுக்கு, "இப்ப தத்துவம். அடுத்த செமஸ்டர் சினிமா. வஞ்சிரம் கேட்டா நெத்திலியும் வாங்கித்தான் ஆவணும்" என்று தீர்ப்புச் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு எனக்குப் பதினேழு பேர். இரண்டு பேர் கொசுறு.

வகுப்பறை ஒதுக்குவதும் அவர் கையில்தான் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் கட்டடத்தில் ஒழுங்காக வேலை செய்த ஏசி ஒரே ஒரு அறையில்தான். யாரும் சீந்தாத பாடம் எதுவோ அதற்கு அந்த அறையைக் கொடுப்பார். சினிமா ரசனைக்கு மேல்மாடியில், தகரக் கூரை போட்ட ஹால். ஜூலை மாத வெயிலில் உலக சினிமா பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தத்துவத்துக்கு மாற்றல் கேட்டு ஜன்னலில் வந்து நின்றார்கள்.

விற்பனை ஆள் என்றால் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லத்தானே செய்வார். முதல் திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் ஒரு பையன் மிகவும் பணிவாக என் மேஜைமேல் மஞ்சள் தடவிய ஒரு நோட்டை வைத்தான். பிரித்தால் ஜாதகம்.

"இது எதுக்குப்பா?"

"மேடம், பதினஞ்சு சார்தான் சொன்னாரு. வாழ்க்கையப் பத்தி எது கேட்டாலும் மேடம் சொல்வாங்கன்னு. எனக்கு கேம்பஸ்ல வேலை கெடைக்குமா மேடம்?"

நேராக ஜன்னலுக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் அசரவில்லை.

"வாழ்க்கையப் பத்தித்தானே மேடம் சொல்லித் தர்ற?"

"ஆமா, ஆனா அது வேற..."

"ரெண்டும் ஒன்னுன்னு நெனச்சுக்கினு அவன் வந்தான். வேறன்னு புரிய வை. அதுக்குத்தானே கிளாஸு?"

அந்தப் பையன் கடைசி வரை இருந்தான். நல்ல மார்க்கும் வாங்கினான். குரு பார்வை இருந்திருக்க வேண்டும்.

அவருடைய மூளை முழு வேகத்தில் ஓடியதை நான் பார்த்தது நாய் விவகாரத்தில். இடைத்தேர்வுக்குப் பதிலாக, 'இழப்பு என்றால் என்ன? உங்கள் சொந்த அனுபவத்திலிருந்து எழுதுக' என்று கேட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தேன். அந்தப் பருவத்தில் இருபத்திரண்டு பேர். இருபத்திரண்டு பேர் வீட்டிலும் ஜிம்மி என்று ஒரு நாய் இருந்திருக்கிறது. இருபத்திரண்டு ஜிம்மியும் ஒரு மழை நாளில் செத்திருக்கிறது. பொறியியல் பிள்ளைகளுக்குக் கேள்வி என்று ஒன்று இருந்தால் விடை என்று ஒன்று இருக்கும், அது வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு வரும், வந்தால் எல்லோரும் எழுதுவார்கள். கணக்குக்குச் சரி. சொந்த அனுபவத்துக்கும் அப்படியே செய்துவிட்டார்கள்.

விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலில் போட்டேன். பதினஞ்சு சார் நான்கைந்தைப் புரட்டிப் பார்த்தார்.

"ஒரு நாய் எத்தினி வாட்டி மேடம் சாவும்?"

"எல்லாருக்கும் சைபர் போடப்போறேன் சார்."

"போடாத. ஒருத்தன் நெசமா எழுதிக்கீறான். அவன் கையிலேந்துதான் மத்தவனுங்க வாங்கிக்கீறானுங்க. மீனு வாங்கும்போது இன்னா பண்ணுவ? செவுளத் தூக்கிப் பாப்ப இல்ல? ஒவ்வொருத்தனாக் கூப்புட்டு, நாய் இன்னா கலருன்னு கேளு."

கேட்டேன். பிரவுன், வெள்ளை, கறுப்பு, கறுப்பில் வெள்ளைப் புள்ளி. ஒருவன் கூகுளில் தேடிவிட்டு, 'கோல்டன் ரெட்ரீவர்' என்றான். பதினெட்டாவதாக வந்தவன் யோசிக்கவே இல்லை. "செவலை மேடம். வலது காது மட்டும் நிக்காது, மடங்கியே கிடக்கும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கு முழு மார்க் போட்டேன். மற்றவர்களைத் திரும்ப எழுதச் சொன்னேன். இரண்டாவது தடவை எவ்வளவோ பரவாயில்லை. நான்கு பேருக்கு மட்டும் ஒரே பூனை.

இப்படியாக, பருவத்துக்குப் பருவம் பதினாறு, பதினெட்டு, இருபது என்று வண்டி ஓடியது. ஏழாவது வருஷம் புது இயக்குநர் வந்தார். வெளிநாட்டில் படித்தவர், மேஜைமேல் காகிதத்தைப் பார்த்தாலே அவருக்குத் தும்மல் வரும். மாணவர் சேவை இனி முழுக்க ஆன்லைனில்தான் என்றார். புது வெப்சைட் படுக்கவே படுக்காது. வகுப்பறையைக் கம்ப்யூட்டரே ஒதுக்கும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு, பதினைந்துக்குக் குறைந்த வகுப்பை அதுவே அழித்துவிடும். ஜன்னலுக்கு மரப்பலகை அடித்தார்கள். பதினஞ்சு சாரை மாடியில் ஒரு அறையில் பழைய விண்ணப்பங்களை ஸ்கேன் செய்ய உட்கார வைத்தார்கள்.

அந்தப் பருவத்து வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு என் வகுப்பில் பதினோரு பேர். சினிமா ரசனைக்கு ஏசி அறை கிடைத்திருந்தது.

எனக்கு அதற்குமேல் போராடத் தெம்பு இல்லை. ஆசிரியர் அறையில் என் அலமாரியைக் காலி செய்ய ஆரம்பித்தேன். வீட்டில் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதை மட்டும் மூன்று விதமாக ஒத்திகை பார்த்தேன். மூன்றிலும் அழுகை வந்தது. நடுவில் ஜன்னல் வழியாகப் பார்த்தால், பதினஞ்சு சார் கேன்டீன் வாசலில் நின்றுகொண்டு கூவுகிறார். அப்புறம் ஜூஸ் கடை. அப்புறம் கேட்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப். வீட்டுக்குப் போக பஸ்ஸில் ஒரு காலை வைத்துவிட்டவனைக் கையைப் பிடித்து இறக்கி, அவன் ஃபோனிலேயே தத்துவத்தில் சேர்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

நாலே முக்காலுக்கு மூச்சிரைக்க வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பதினாலு ஆயிச்சு மேடம். இன்னும் ஒன்னு."

"விடுங்க சார். போதும். இவ்வளவு நாள் ஓடினதே உங்களாலதான்."

"உடறதா? இன்னா பேச்சு மேடம் இது? மணி அஞ்சு ஆயிச்சா? அதுக்குள்ள பொட்டி கட்டிக்கினு கீற!"

கோபமாகப் போய்விட்டார். ஐந்து மணி ஒரு நிமிடத்துக்கு நான் பயந்து பயந்து ஃபோனைத் திறந்தேன். தத்துவ அறிமுகம், பதினைந்து. யாரோ ஒரு புண்ணியவான் கை தவறி அமுக்கியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். புத்தகங்களைத் திரும்ப அலமாரியில் அடுக்கினேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு வருகைப் பதிவு எடுத்தேன். பதினைந்தாவதாக, கேள்விப்படாத ஒரு பெயர், இனிஷியலோடு. கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன்.

"உள்ளேன் மேடம்" என்று கடைசி பெஞ்சிலிருந்து பதினஞ்சு சார் எழுந்து நின்றார்.

பல்கலைக்கழக ஊழியர் எவரும் ஒரு பருவத்துக்கு ஒரு பாடம் சேர்ந்து படிக்கலாம் என்று விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு வரி இருக்கிறதாம். அந்தப் புத்தகத்தை அதுவரை கடைசிப் பக்கம் வரை படித்தவர் அவர் ஒருவர்தான். பிள்ளைகள் விசிலடித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மனிதர்களைப் புரிந்துகொள்வது எப்படி என்று ஏழு வருஷமாகப் பாடம் எடுத்தவள் நான். அந்த ஏழு வருஷமும் எனக்குச் சோறு போட்ட மனிதரின் பெயர் என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அவரோடு முப்பது வருஷம் வேலை பார்த்தவர்களுக்கே யார் என்று தெரியாது.

மாணவராக அவர் பெரிய தலைவலி. பாடம் நடக்கும்போதே தலைகளை எண்ணுவார். ஒன்று குறைந்தால் அங்கிருந்தே ஃபோன் போட்டு, "இன்னா, தூங்கிக்கினு கீறியா? வண்டிய எடுத்துக்கினு வா" என்பார். ஒரு நாள் ஒரு பழைய புதிரைச் சொன்னேன். ஒரு படகின் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்து, கடைசியில் எல்லாப் பலகையும் புதிதாகிவிட்டால், அது பழைய படகா, வேறு படகா? அறிஞர்கள் காலம் காலமாக மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி.

"போட்டு நம்பர் மாறிச்சா மேடம்?"

"நம்பரா? இல்ல, நம்பர் எல்லாம்..."

"அப்ப அதே போட்டுதான். எங்க மாமன் போட்டுல இன்ஜின்லேந்து ஆணி வரைக்கும் மாத்தியாச்சு. கரைல யாரைக் கேட்டாலும் மாமன் போட்டுன்னுதான் சொல்லுவாங்க."

வகுப்பு முழுக்கத் தலையாட்டியது. ஒரு மணி நேரத்துக்கு வைத்திருந்த பாடம் ஐந்தாவது நிமிடத்தில் முடிந்துபோனது. மீதி நேரம் அவர் மாமாவின் படகைப் பற்றியே பேசினோம்.

பருவத் தேர்வும் எழுதினார். பேனா என்னிடம்தான் வாங்கிக்கொண்டார். விடைத்தாளைத் திருத்தியபோது முதல் இரண்டு பதிலைப் படித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த வகுப்பிலேயே அதைவிட நன்றாக எவனும் எழுதவில்லை. மீதி மூன்று கேள்விக்கு எண்ணை மட்டும் அழகாகப் போட்டு, பக்கத்தைக் காலியாக விட்டிருந்தார். மொத்தம் முப்பத்தெட்டு. பாஸுக்கு நாற்பது வேண்டும்.

ஒரு பருவம் முழுக்க அறம் பற்றிக் கிழித்தவள், அந்தத் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் மாம்பலத்துக்கும் திருவான்மியூருக்கும் அலைந்தேன். இரண்டு மார்க். போட்டால் தப்பு. போடாவிட்டால் அதைவிடப் பெரிய தப்பு. கடைசியில், தத்துவம் கிடக்கட்டும் என்று முடிவு செய்து மாடிக்குப் போனேன்.

"சார், கடைசி மூணு கேள்வி ஏன் எழுதல? சரி, போகட்டும். ரெண்டு மார்க் சேத்துப் போட்டு பாஸ் பண்ணிடறேன்."

ஸ்கேன் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

"மேடம், பாஸ் கீஸ் போட்டுத் தொலச்சிடாத!"

"ஏன் சார்?"

"ஃபெயிலானவன் அடுத்த செமஸ்டரும் அதே கோர்ஸ எடுத்தே ஆவணும். ரூலு. கம்ப்யூட்டரே பேர ஏத்திடும், எவனும் அழிக்க முடியாது. உனக்கு ஒரு ஆளு உறுதி. பதினாலு புடிச்சாப் போதும்."

"அதுக்காகவா எழுதாம விட்டீங்க?"

"தெரியாமயா உட்டேன்? கணக்குப் போட்டுத்தான் உட்டேன். நீ வேற கொஞ்சம் தாராளமாப் போட்டுடுவியோன்னு ஒரு வாரமா பேஜாராக் கீது."

அவர் மேஜைமேலேயே தாளை வைத்து, முப்பத்தெட்டைச் சுற்றி வட்டம் போட்டுக் கையெழுத்திட்டேன்.

அடுத்த பருவமும் முப்பத்தெட்டு. அவர் ஓய்வு பெற்ற பருவத்திலும் முப்பத்தெட்டு. நான் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஃபெயில் போட்டிருக்கிறேன், கொஞ்சமும் யோசித்ததில்லை. மூன்று முறையும் கண்ணீர் மறைத்து, எங்கே கையெழுத்துப் போடுகிறோம் என்றே தெரியாமல் போட்டது அவர் ஒருவருக்குத்தான்.